70 வரைக்கும் நம்பர் போட்ட ஆளே காசை மாத்தின கேஸ்: ஷெல்டன், ஏ.என்.எஸ், 129 செம்பு சென்ட்

ஸ்லாப் போட்ட காசு இப்ப நம்ம ஊர் நாணயக் கண்காட்சியில எல்லாம் சாதாரணமா கெடைக்குது. விக்டோரியா ரூபாயில இருந்து ஜார்ஜ் காலத்து செப்புக்காசு வரைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்குள்ள உக்காந்து, மேல எம்எஸ் 63 (தேயாத காசு), ஏயூ 55 (கிட்டத்தட்ட தேயாத காசு)ன்னு ஒரு நம்பரோட, அதாவது காசோட நிலைக்குப் போட்ட கிரேடோட வருது, விலை பேசறதே அந்த நம்பரை வச்சுதான். அது ஏன் 100ல முடியாம 70ல முடியுதுன்னு கேட்டா நெறைய பேருக்கு பதில் தெரியாது. அமெரிக்காவோட பழைய பெரிய சென்ட் காசுகளுக்காக, அதுலயும் 1794ம் வருஷத்து காசுகளை மனசுல வச்சு, டாக்டர் வில்லியம் ஷெல்டன்ங்கறவர் 1949ல போட்ட கணக்கு அது. அதே ஷெல்டன் தான் நியூயார்க்ல இருக்கற அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டியோட (இனிமே ஏ.என்.எஸ்னே சொல்றேன்) பெட்டியில இருந்து நல்ல சென்ட்களை எடுத்துட்டு, அதே வகையில மட்டமான காசை அங்க வச்சுட்டு வந்தார்னு அவர் செத்து பல வருஷம் கழிச்சு தெரிய வந்துச்சு. மொத்தம் 129 காசு.

இது காப்பர் சேகரிக்கறவங்க வட்டாரத்துல ரொம்ப பேசப்பட்ட கேஸ். பேசறவங்க பெரும்பாலும் அந்த ஆளோட குணத்தைப் பத்தியே பேசறாங்க. எனக்கு படறது என்னன்னா, இந்த மாத்து வேலை அத்தனை வருஷம் மறைஞ்சு இருந்ததுக்கும் சரி, கடைசியில மாட்டினதுக்கும் சரி, காரணம் நாம காசை எப்படி எழுதி வைக்கறோம்ங்கறதுல தான் இருக்கு. அதனால முதல்ல காசைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லிட்டு கேஸுக்கு வர்றேன்.

பெரிய சென்ட்னா இப்ப இருக்கற அமெரிக்க சென்ட் மாதிரி குட்டி இல்ல, கிட்டத்தட்ட 27, 28 மில்லிமீட்டர் அகலம், சுத்தமான செம்பு. பிலடெல்ஃபியா மின்ட்ல 1793ல ஆரம்பிச்சு 1857 வரைக்கும் அடிச்சாங்க, நடுவுல 1815 தேதியில மட்டும் காசு கெடையாது. முதல் காசுல பின்பக்கம் 15 வளையம் கோத்த சங்கிலி, அப்ப இருந்த 15 மாநிலத்தை குறிக்க. விடுதலை வாங்கின நாட்டோட காசுல சங்கிலியான்னு பத்திரிகையில திட்டு விழுந்துச்சு. 36,103 காசோட அதை நிறுத்திட்டு அதே வருஷத்துலயே மாலை போட்ட டிசைன் வந்துச்சு, அப்புறம் தொப்பி வச்ச டிசைன், ஆக ஒரே வருஷத்துல மூணு. 1792 சட்டத்துல ஒரு சென்ட்டுக்கு 264 கிரெய்ன் (பழைய எடை அளவு) செம்புன்னு எழுதி வச்சிருந்தாங்க, செம்பு விலை ஏறினதால காசு அடிக்கறதுக்கு முன்னாடியே 208க்கு எறக்கினாங்க, 1795 கடைசியில 168 ஆச்சு. அதனால இந்த காசுகள்ல எடை பாக்கறது முக்கியம்.

இந்த காசுகளோட சுவாரசியமே டையில, அதாவது காசை அடிக்கற அச்சுல இருக்கு. இப்ப மாதிரி ஒரு மாஸ்டர் ஹப்ல (மூல அச்சுல) இருந்து ஆயிரம் டை ஒரே அச்சா எடுக்கற வசதி அப்ப இல்ல. எழுத்து, எண், இலை எல்லாத்தையும் தனித்தனி பஞ்ச் வச்சு டையில கையாலயே அடிப்பாங்க, முடிக்கற வேலையும் கையால தான். அதனால ஒரு டை மாதிரி இன்னொன்னு இருக்காது. ஒண்ணுல 4 சாஞ்சிருக்கும், ஒண்ணுல 7 கோணலா நிக்கும், ஒண்ணுல பின்பக்கம் ஒரு இலையோட நுனி எழுத்தை தொடும், இன்னொன்னுல தொடாது. இப்படி முன்பக்க டை ஒண்ணும் பின்பக்க டை ஒண்ணும் சேர்ற ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வெரைட்டி. 1794ல மட்டும் பல டஜன் வெரைட்டி இருக்கு. பிலடெல்ஃபியாவுல டாக்டர் எட்வர்ட் மாரிஸ்னு ஒரு மருத்துவர், 1869ல இந்த 1794 காசுகளுக்கு ஒவ்வொண்ணா பேரே வச்சார், ரெட்டைத் தாடை, ஆப்பிள் கன்னம், சாஞ்ச 4, தழும்புத் தலைன்னு. இன்னைக்கும் சேகரிக்கறவங்க அந்தப் பேரை சொல்லித்தான் பேசறாங்க.

லென்ஸ் வச்சு 1794 காசு ஒண்ணை பாத்தா என்ன பாப்பீங்கன்னு சொல்றேன். முதல்ல தலைக்கு பின்னாடி பறக்கற முடிக்கற்றைகளோட நுனி, எத்தனை இருக்கு, எது வளையுது, எது நேரா முடியுது. அப்புறம் லிபர்ட்டிங்கற எழுத்துல எல் எங்க நிக்குது, தேதியில 4 மார்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கு. திருப்பினா மாலையில காய் எத்தனை, இடது பக்கம் எத்தனை வலது பக்கம் எத்தனை, கீழ 1/100ன்னு போட்டிருக்கறதுல நடுக்கோடு எவ்வளவு நீளம். இதுக்குள்ள வெரைட்டி பிடிபட்டுடும். இதுலயே உச்சம்னா எஸ்-48ன்னு சொல்ற நட்சத்திர ரிவர்ஸ் காசு. பின்பக்கம் விளிம்பு பல்லுகளுக்கு (விளிம்பை ஒட்டி இருக்கற சின்னச் சின்ன கோடுகளுக்கு) நடுவுல சுத்தி வர 94 பொடி நட்சத்திரம், ஒவ்வொண்ணும் அஞ்சு முனை. யார் எதுக்கு அதை அந்த டையில போட்டாங்கன்னு மின்ட் ரெக்கார்ட்ல ஒரு வரி கெடையாது. விளிம்பு கொஞ்சம் தேஞ்ச காசுல அந்த நட்சத்திரத்துல பாதி மறைஞ்சு போயிருக்கும், மிச்சம் நாலஞ்சு தெரிஞ்சா போதும், அதுக்கே பெரிய விலை.

எஸ்-48ல இருக்கற அந்த எஸ் ஷெல்டனோட எஸ் தான். இப்ப ஆளுக்கு வர்றேன்.

ஷெல்டன் தொழில்ல உளவியல் ஆராய்ச்சியாளர், மருத்துவமும் படிச்சவர், கொலம்பியா யூனிவர்சிட்டியில வேலை பாத்தவர். மனுஷ உடம்பை மூணு வகையா பிரிச்சு, ஒவ்வொரு வகைக்கும் 1ல இருந்து 7 வரைக்கும் மார்க் போட்டு, ஒவ்வொரு ஆளையும் மூணு நம்பர்ல சொல்லிடலாம்னு சொன்னவர், என்டோமார்ஃப், மீசோமார்ஃப், எக்டோமார்ஃப்னு ஜிம்ல இன்னைக்கும் பேசறாங்களே அதெல்லாம் இவரோடது. அதுக்காக அமெரிக்காவுல பெரிய பெரிய காலேஜ் மாணவர்களை ஆடையில்லாம போட்டோ எடுத்தது பின்னாடி பெரிய சர்ச்சை ஆச்சு. உடம்பை நம்பர் ஆக்கின அதே புத்தி காசுக்கும் வந்துச்சு. 1793ல இருந்து 1814 வரைக்கும் உள்ள சென்ட் வெரைட்டி எல்லாத்துக்கும் வரிசையா நம்பர் போட்டு 1949ல புத்தகம் கொண்டு வந்தார், 1958ல டோரதி பாஸ்கல், வால்டர் பிரீன் உதவியோட திருத்தின பதிப்பு. அந்த நம்பர் வரிசை இன்னைக்கும் மாறல.

கிரேடு கணக்கு அதே புத்தகத்துல வந்தது தான். அவர் யோசனை என்னன்னா, அடையாளம் மட்டும் தெரியற அளவுக்கு தேஞ்ச காசுக்கு 1, அதுக்கு ஒரு அடிப்படை விலை. அதே வெரைட்டியில அடிச்ச அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கற காசு அந்த அடிப்படை விலையை விட கிட்டத்தட்ட 70 மடங்குக்கு போகுது, அதனால அதுக்கு 70. நடுவுல குட்ங்கற கிரேடுக்கு 4, ஃபைனுக்கு 12, விஎஃப் (வெரி ஃபைன்)க்கு 20, 30, ஈஎஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்)க்கு 40, ஏயூக்கு 50, தேயாத காசு 60க்கு மேல. அடிப்படை விலை 2 டாலர்னா விஎஃப் 20 காசு 40 டாலர், கிரேடும் விலையும் ஒரே பெருக்கல். சில வருஷத்துலயே விலை அந்த பெருக்கலை விட்டு எங்கயோ போயிடுச்சு, விலைக்கணக்கு செத்துப்போச்சு, நம்பர் மட்டும் தங்கிடுச்சு. 1970கள்ல மத்த அமெரிக்க காசுகளுக்கும் அதையே எடுத்துக்கிட்டாங்க, 1986ல பிசிஜிஎஸ்ங்கற கிரேடு போடற கம்பெனி வந்து, அடுத்த வருஷம் என்ஜிசிங்கற இன்னொரு கம்பெனி வந்து, டப்பாக்குள்ள போட்டு உலகம் பூரா அனுப்பிட்டாங்க. நம்ம ஊர் ரூபாயோட தலையில உக்காந்திருக்கற 63 அப்படி வந்தது தான்.

ஆனா பழைய செம்பை சேகரிக்கறவங்க, 1967ல ஆரம்பிச்ச எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ் கிளப்காரங்க, கிரேடு போடற விதம் ஸ்லாப் கம்பெனி விதத்துக்கு கொஞ்சம் வேற. அவங்க ரெண்டு படியில போடுவாங்க. முதல்ல ஷார்ப்னஸ், அதாவது தேய்மானத்தை மட்டும் பாத்து ஒரு நம்பர், காதுக்கு மேல முடி எவ்வளவு பிரிஞ்சு தெரியுது, இலையில நரம்பு இருக்கா, அப்படி. அப்புறம் குறை ஒவ்வொண்ணுக்கும் கழிப்பாங்க, களிம்பு பிடிச்சு குழி விழுந்திருக்கா, கீறல் இருக்கா, விளிம்புல அடி பட்டிருக்கா, யாராவது பாலிஷ் போட்டு தேய்ச்சு திரும்ப கலர் ஏத்தியிருக்காங்களா. கழிச்சு மிச்சம் வர்றது நெட் கிரேடு. ஷார்ப்னஸ் 30 இருக்கற காசு, பின்பக்கம் பூரா பொடிக்குழி, கன்னத்துல ஒரு கீறல்னா நெட் 15க்கு வந்து நிக்கும். செம்பு அப்படி. வெள்ளி கறுத்தா பரவால்ல, அழகுன்னு கூட சொல்லுவாங்க, செம்புல ஒருதரம் குழி விழுந்தா விழுந்தது தான், ஈரமும் வேர்வையும் அதை தின்னுக்கிட்டே இருக்கும். அதனாலதான் 200 வருஷம் தாண்டி வழவழன்னு சாக்லேட் கலர்ல இருக்கற 1794 காசைப் பாத்தா இவங்களுக்கு பேச்சே வராது.

இந்த முறையில எனக்கு பெரிய மரியாதை உண்டு, ஸ்லாப்ல ஒரே நம்பர்ல அமுக்கறதை விட இது எவ்வளவோ நேர்மையா இருக்கு. ஆனா கடைசியில இதுவும் ஒரு நம்பர்ல தான் முடியுது, நெட் 15னு எழுதிட்டா அது தேஞ்சதால 15 ஆ, கீறினதால 15 ஆன்னு அந்த 15ஐ மட்டும் பாக்கறவனுக்கு தெரியாது.

ஷெல்டன் இன்னொரு பட்டியலும் போட்டார், கண்டிஷன் சென்சஸ்னு பேரு. ஒவ்வொரு வெரைட்டியிலயும் தெரிஞ்ச காசுகள்லயே சிறந்தது எந்த கிரேடு, அடுத்த அஞ்சு காசோட சராசரி எவ்வளவு. இதை போடணும்னா யார்கிட்ட எந்த காசு எந்த நிலையில இருக்குன்னு நாடு பூரா சுத்தி பாக்கணும், எல்லா பெரிய சேகரிப்போட கதவும் அவருக்கு தொறந்து தான் இருந்துச்சு. புத்தகம் எழுதற அறிஞர், வந்து பாத்து நம்பர் சொல்லிட்டுப் போனா காசுக்காரனுக்கே பெருமை.

இப்ப ஏ.என்.எஸ் பக்கம். பிட்ஸ்பர்க்ல ஜார்ஜ் கிளாப்னு ஒருத்தர், பின்னாடி ஆல்கோவான்னு பேர் மாறின அலுமினியம் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், உலோகம் தெரிஞ்சவர். பெரிய சென்ட்ல அவர் சேர்த்தது அந்தக் காலத்துல இருந்த மிகச் சிறந்த சேகரிப்புகள்ல ஒண்ணு, வெரைட்டி ஆராய்ச்சியும் தானே பண்ணி வெளியிட்டவர். 1949ல இறந்தார், அதுக்கு முன்னாடியே காசுகளை ஏ.என்.எஸ்க்கு கொடுத்துட்டார். விக்காம, வாரிசுக்கு கொடுக்காம, ஆராய்ச்சி பண்றவங்க வந்து பாக்கட்டும்னு கொடுத்தார். ஏ.என்.எஸ் 1858ல ஆரம்பிச்ச சங்கம், நாணய ஆராய்ச்சியில அமெரிக்காவுலயே பெரிய இடம். அங்க கிளாப் காசுகளைப் பாக்க வந்தவங்கள்ல ஷெல்டனும் ஒருத்தர்.

மாத்தின விதம் ரொம்ப எளிமையா இருக்கறது தான் வயித்தெரிச்சல். பூட்டு உடைக்கல, கணக்கு குறையல. ஒரு வெரைட்டியில கிளாப்போட நல்ல காசு இருக்கற எடத்துல, அதே வெரைட்டியில தன்கிட்ட இருக்கற மட்டமான காசை வச்சுட்டு அதை எடுத்துக்கறது. எண்ணிப்பாத்தா காசு சரியா இருக்கும். வெரைட்டி தெரிஞ்சவர் ஒருத்தர் லென்ஸ் வச்சு பாத்தா கூட அதே வெரைட்டி தான், டை அதே டை, இலை அதே இலை. போலி காசுன்னா பிடிச்சிருக்கலாம், அந்தக் காலத்து எலக்ட்ரோடைப் போலியில முன்னும் பின்னும் ரெண்டு ஓடா செஞ்சு ஒட்டுவாங்க, விளிம்பைப் பாத்தா ஒட்டு தெரியும். இங்க வச்சதும் அசல் காசு. மாறினது நிலை மட்டும். அந்த நிலையைப் பத்தி எழுத்துல இருந்தது ஒரு கிரேடு தான், கிரேடுங்கறது ஒருத்தர் அபிப்பிராயம், இருபது வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் பாத்து இது அவ்வளவு நல்லா இல்லையேன்னு நெனைச்சா, கிளாப் கொஞ்சம் தாராளமா கிரேடு போட்டிருக்கார் போலன்னு நெனைச்சுட்டுப் போவார். கிரேடு காலத்துக்கு காலம் மாறும்னு எல்லாருக்கும் தெரியும், அந்த தெரிதல் தான் ஷெல்டனுக்கு மறைவா இருந்துச்சு.

இதை நான் சும்மா ஊகமா சொல்லல, கேஸோட அமைப்பே அதை காட்டுது. 129 காசு மாறி இருக்கு, வருஷக்கணக்கா ஒருத்தருக்கும் உறைக்கல, அந்த சங்கத்துல காசு தெரியாதவங்களா இருந்தாங்க? பெட்டிக்குள்ள இருக்கற காசை அது இன்ன வெரைட்டி, இன்ன கிரேடுன்னு மட்டும் பாத்தா அந்த இடத்துல எந்த காசு இருந்தாலும் பொருந்திடும். ஆதார் கார்டுல போட்டோ இல்லாம ஆண், வயசு 45, மாநிறம்னு மட்டும் எழுதி வச்சா எத்தனை பேருக்கு அது பொருந்துமோ அந்த மாதிரி.

1972ல ஷெல்டன் தன் சேகரிப்பை கலிஃபோர்னியாக்காரர் டெட் நாஃப்ட்ஸ்கர்ங்கறவருக்கு 3 லட்சம் டாலருக்கு வித்தார். நாஃப்ட்ஸ்கர் அந்தத் தலைமுறையிலயே பெரிய சென்ட்ல முதல் வரிசை சேகரிப்பாளர். திருட்டு காசுன்னு தெரியாம வாங்கினார், பணம் முழுசா கொடுத்தார், புத்தகம் எழுதினவர்கிட்டயே வாங்கறோம், இதை விட என்ன அத்தாட்சி வேணும்னு தான் யாரும் நெனைப்பாங்க. 1977ல ஷெல்டன் இறந்துட்டார், யாரும் அவரைக் கூண்டுல ஏத்தி கேள்வி கேக்கல.

வெளிய வந்தது போட்டோவால. டெல் பிளாண்ட்னு ஒரு காப்பர் ஆராய்ச்சியாளர், நல்ல சென்ட் ஒவ்வொண்ணும் எந்த ஏலத்துல வந்துச்சு, யார் வாங்கினாங்க, அப்புறம் யார் கைக்குப் போச்சுன்னு தேடித்தேடி கோத்துக்கிட்டே வந்தவர். அந்த மாதிரி வேலையில பழைய கேட்டலாக் படத்தை வச்சு இது அதே காசு தானான்னு பாத்தாகணும். பழைய படத்துல கிளாப் காசுன்னு இருக்கறது இப்ப ஏ.என்.எஸ் பெட்டியில இருக்கற காசோட ஒத்துப்போகல, ஷெல்டன் வழியா வந்த காசோட ஒத்துப்போச்சு. 1990 வாக்குல ஏ.என்.எஸ் ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாக்க 129 வரைக்கும் போச்சு. தனி ஆட்களோட சேகரிப்புகள்லயும் இதே வேலை நடந்திருக்குன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சி சொல்லுது.

ஒரு காசை படத்துல இருந்து எப்படி அடையாளம் பிடிக்கறாங்கன்னு கேக்கலாம், அதே டையில அடிச்ச காசெல்லாம் ஒண்ணு போல தானே இருக்கும்? டை ஒண்ணு தான், தகடு வேற. அந்தக் காலத்து செப்புத் தகடு சுத்தமா இருக்காது, உருட்டும்போதே உரிஞ்சு வரும், அந்த உரிசல் ஒவ்வொரு காசுலயும் ஒவ்வொரு எடத்துல இருக்கும். விளிம்புல பட்ட ஒரு சின்ன அடி கடிகாரத்துல 4 மணி எடத்துல இருந்தா அது அங்கயேதான் இருக்கும், நூறு வருஷம் ஆனாலும் 5 மணிக்கு நகராது. அச்சு எவ்வளவு நடுவுல விழுந்திருக்கு, எந்தப் பக்கம் பல்லு நீளமா எந்தப் பக்கம் குட்டையா தெரியுது, டையில விரிசல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கு, இதெல்லாம் சேந்தா ஒரு காசுக்கு இன்னொரு காசு ஜோடி கெடையாது. இதுல வேடிக்கை என்னன்னா நெட் கிரேடு போடறவன் எதையெல்லாம் குறைன்னு சொல்லி கழிக்கறானோ, அந்தக் கீறலும் அடியும் உரிசலும் தான் திருட்டை காட்டிக்கொடுத்துச்சு. நம்பர்ல கரைஞ்சு போன விஷயம் படத்துல அப்படியே இருந்துச்சு.

ஏ.என்.எஸ் தன் காசை திருப்பிக்கேட்டுச்சு, நாஃப்ட்ஸ்கர் தர மாட்டேன்னார், வழக்கு கலிஃபோர்னியாவுல. திருடன்கிட்ட வாங்கினவனுக்கு, நல்ல எண்ணத்தோடயே வாங்கியிருந்தாலும், சொத்துல உரிமை வராதுங்கறது அங்க பழைய சட்டம், அதுல பெரிய சண்டை இல்ல. சண்டை எல்லாம் கால வரம்புல. திருட்டுப் பொருளை மீட்க மூணு வருஷம் தான், அந்த மூணு வருஷத்தை எப்ப இருந்து எண்ணறது? 1972ல வாங்கின நாள்ல இருந்து எண்ணினா எப்பவோ முடிஞ்சு போச்சு. திருட்டு தெரிய வந்த நாள்ல இருந்து எண்ணினா ஏ.என்.எஸ் சரியான நேரத்துல தான் வந்திருக்கு. கலை, வரலாற்று மதிப்பு இருக்கற பொருளுக்கு தெரிய வந்த நாள்ல இருந்து தான் எண்ணணும்னு 1983ல கலிஃபோர்னியா சட்டத்துல திருத்தமே கொண்டு வந்தாங்க, ஆனா நாஃப்ட்ஸ்கர் வாங்கினது அதுக்கு 11 வருஷம் முன்னாடி. கீழ் கோர்ட் நாஃப்ட்ஸ்கர் பக்கம் சொல்லிடுச்சு. 1996ல அப்பீல் கோர்ட் அதை மாத்தி, திருத்தத்துக்கு முன்னாடி இருந்த சட்டத்துலயும் தெரிய வந்த நாள்ங்கற விதி உள்ள இருக்கு, அதனால ஏ.என்.எஸ் கேக்கலாம்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்கப்புறம் நடந்த விசாரணையிலயும் ஏ.என்.எஸ் தான் ஜெயிச்சது. இந்தத் தீர்ப்பை மியூசியம் திருட்டு, ஓவியத் திருட்டு கேஸ்ல எல்லாம் மேற்கோள் காட்டறாங்க.

எனக்கு நாஃப்ட்ஸ்கர் மேல வருத்தம் உண்டு, மனுஷன் ஒரு தப்பும் பண்ணல. ஆனாலும் தீர்ப்பு சரின்னு தான் சொல்வேன். கிளாப் அந்த காசுகளை கொடுத்தது எல்லாரும் வந்து பாக்கணும்னு, அதை ஒருத்தர் பைக்குள்ள போட்டு இன்னொருத்தர்கிட்ட வித்தா அது நியாயமா ஆயிடாது. எதிர்ப்பக்கம் கேட்ட கேள்வியிலயும் ஞாயம் இருக்கு, இத்தனை வருஷம் தன் பெட்டியைத் தானே பாக்காம இருந்த சங்கத்தோட கவனக்குறைவுக்கு வாங்கினவன் ஏன் அனுபவிக்கணும்? இதுக்கு என் பதில், பாக்காம இருந்தாங்கன்னு சொல்ல முடியாது, பாத்தாங்க, பாத்தது வெரைட்டியை. படத்தோட ஒப்பிடணும்னு யாருக்கும் தோணல, ஏன்னா உள்ள வர்றவர் அந்தத் துறையிலயே பெரிய ஆள்.

பெரிய ஆள் கையை யாரும் பாக்க மாட்டாங்கங்கறது எந்த நாட்டு சேகரிப்புலயும் இருக்கற பிரச்சினை. ஒருத்தர் நூல் எழுதிட்டா அவர் கையில காசைக் கொடுத்துட்டு டீ வாங்கப் போயிடறோம்.

சிலர் கேக்கறாங்க, இவ்வளவு பண்ணின ஆளோட பேரை இன்னும் எஸ்-48, எஸ்-79னு சொல்லிட்டு இருக்கணுமா? ஸ்கேலுக்கு அவர் பேரை எடுத்துடலாம்னு கூட பேசினவங்க இருக்காங்க. என் அபிப்பிராயத்துல நம்பர் இருக்கட்டும். டை வெரைட்டி படிப்பு மாரிஸ்ல ஆரம்பிச்சு கிளாப் வரைக்கும் பல பேர் சேத்தது, அதை அவர் ஒரே வரிசையில கோத்தார், அந்த வரிசை இல்லாம இன்னைக்கு ஒரு ஏலக் கேட்டலாக்கும் படிக்க முடியாது. ஆனா ஷெல்டன் பேர் போட்ட புரோவெனன்ஸ் (யார் யார் கையில இருந்துச்சுங்கற வரலாறு) இருக்கற காசை வாங்கறவங்க கண்டிப்பா அதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சுன்னு தோண்டிப் பாக்கணும். ஒரு காலத்துல விலையை ஏத்தின பேர் அது, இப்ப அந்தப் பேரைப் பாத்தா முதல்ல ஏ.என்.எஸ் படத்தோட ஒப்பிட்டாச்சான்னு கேக்கறாங்க.

எஸ்-79னு சொன்னேனே, அது 1795ல விளிம்பு பூரா கோடு கோடா வெட்டின சென்ட், இருக்கறது விரல் விட்டு எண்ணற அளவு தான். அதுல சிறந்த காசு 2009ல 12,65,000 டாலருக்கு ஏலம் போச்சு, கிரேடு என்னன்னா விஜி (வெரி குட்) 10. 70 மார்க்குல வெறும் 10. 2012ல ஒரு சங்கிலி சென்ட் 13.8 லட்சம் டாலருக்கு போச்சு, அது தேயாத காசு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஷெல்டனோட பெருக்கல் கணக்கு எவ்வளவு தூரத்துல விட்டுப்போச்சுன்னு தெரியும்.

நம்ம பக்கத்துக்கும் இதுல ஒரு நேரடி தொடர்பு இருக்கு. 1797ல இருந்து அமெரிக்க மின்ட்டுக்கு நல்ல செப்புத் தகடு அனுப்பினது பர்மிங்காம்ல மேத்யூ போல்டனோட கம்பெனி, 1803லயும் 1808லயும் மதராஸ் பிரசிடென்சிக்கு 20 காசு, 10 காசுன்னு மதிப்பு போட்ட செப்பு நாணயங்களை அடிச்சு அனுப்பினதும் அவங்களோட சோஹோ மின்ட் தான். 1808 காசுல ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. அதுல பெரிய குவியல் அட்மிரல் கார்ட்னர்ங்கற கப்பல்ல மதராஸுக்கு கெளம்பி 1809 ஜனவரியில இங்கிலாந்து கடற்கரையிலயே குட்வின் மணல்திட்டுல முழுகிடுச்சு, 1980கள்ல வெளிய எடுத்தாங்க. இன்னைக்கு சந்தையில கெடைக்கற 20 காசு நாணயத்துல நெறைய அந்தக் கடல்ல கெடந்தது. புழக்கத்துக்கே வராததால எழுத்து கூர்மையா இருக்கும், உப்புத்தண்ணி தின்னதால மேல்பரப்பு பொடிக்குழியா இருக்கும். காப்பர் கிளப் முறைப்படி ஷார்ப்னஸ் ஒண்ணு, நெட் ஒண்ணுன்னு ரெண்டா சொன்னாத்தான் அந்த காசை ஒழுங்கா சொன்ன மாதிரி, ஏயூன்னு மட்டும் சொல்லி விக்கறவங்ககிட்ட மேல்பரப்பைக் காட்டச் சொல்லுங்க.

வீட்ல 20 காசு ஒண்ணு இருந்தாலும், ராணி தலை கால் அணா இருந்தாலும், எழுதி வைக்கும்போது கிரேடோட நிறுத்தாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரு போட்டோ, விளிம்பு தெரியற மாதிரி சாய்ச்சு ஒண்ணு, லைட் ஒரு பக்கமா விழணும், அப்பதான் கீறலும் குழியும் நிழல் விட்டு தெரியும். எடையை தராசுல ரெண்டு தசம ஸ்தானம் வரைக்கும் எழுதுங்க. இன்ன எடத்துல இன்ன அடி, இன்ன எடத்துல உரிசல்னு ரெண்டு வரி போதும். யார்கிட்ட என்னைக்கு வாங்கினது, பில் இருந்தா அதுவும். ஸ்லாப் காசுன்னா டப்பா நம்பரை மட்டும் நம்பாம காசையும் தனியா எடுங்க, டப்பாவை உடைச்சு எடுத்தா நம்பர் போயிடும், கீறல் போகாது. போட்டோவை காசு இருக்கற பீரோவுல வைக்காம வேற எடத்துல ஒரு காப்பி வைங்க, ஆராய்ச்சிக்குப் பாக்க யாராவது வந்தா, அவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், போன பிறகு அந்தப் போட்டோவோட ஒரு தடவை ஒப்பிட்டுப் பாத்துட்டு பெட்டியை மூடுங்க.